வலது பக்கம் சரிந்த பிளட்டூன்

1. பத்தாம் வகுப்பின் முதலாம் தவணையில், எங்கள் தோட்டப் பாடசாலையில் முதன்முறையாகப் பெண்கள் கடேற் அணி, மாணவிகளின் பயிற்சிப் படை, தொடங்கியது. முப்பத்தொரு பேர் சேர்ந்து ஒரு பிளட்டூன் ஆனோம்.
2. ஏழு வாரம் பாடசாலை மைதானத்தில் அணிநடை பழகினோம்.
3. எட்டாவது வாரம், சனிக்கிழமை, பதுளையில் ஒரு முன்னோட்டம் நடந்தது. முழு அணியும் வலது பக்கம் சரிந்துபோய், நான் அதிகாரிகளின் மேசையில் மோதினேன். நான்கு தேநீர்க் கோப்பைகள் உடைந்தன.
4. என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.
5. நான்கு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.
6. ஆறாவது நாள், எனக்குப் பதிலாக நின்றவள் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள்.
7. மறுநாள் வெள்ளிக்கிழமை, தியத்தலாவை இராணுவ முகாமில் நடக்கும் போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் போனது.

நம் போன் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "அன்னைக்கு மேசையில போய் முட்டுனது யாரு பிழைன்னு கடைசியா முடிவாச்சு?" அதற்குப் பதினேழு பதில்கள் வந்தன. பதினேழும் வேறு வேறு. ஒருத்தி உடைந்தது பூச்சாடி என்கிறாள். இன்னொருத்தி அன்றைக்கு மழை என்கிறாள். மழை இல்லை. கடைசியில், "நீ தானே எல்லாத்தையும் எண் போட்டு வச்சிருப்ப, நீயே எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். எழுதுகிறேன். நடந்ததை ஏழு வரியில் மேலே சொல்லிவிட்டேன். மீதி, நீங்கள் வரிசையில் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றதால் பார்க்காமல் விட்டவை.

முதலில் மிஸ். அணிக்குப் பொறுப்பாசிரியை அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, தோட்டப் பிள்ளைகளுக்கும் கடேற் வேண்டும் என்று வலயக் கல்விக் காரியாலயத்துக்கு ஒரு வருடம் நடந்தவர். பூட்ஸ்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் தானே கொண்டுவந்தார். என்னுடையது பதினான்காம் இலக்கம். பூட்ஸின் நாக்குத் தோலில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதியிருக்கும். எனக்கு ஒரு அளவு பெரிது. விரல் பக்கம் கடதாசி அடைத்துப் போடுவேன், மழை நாளில் அது கூழாகிப் போகும். பெல்ட் வளையத்துக்குப் பித்தளைப் பாலிஷ், சட்டைக்கு மரவள்ளி மாக் கஞ்சி. கஞ்சி காய்ந்த சட்டையை விரிக்கும்போது அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சட்டை இப்போது என்னிடம் இல்லை. பூட்ஸ் அடுத்த வருடத்துப் பிள்ளைக்குப் போனது.

அடுத்தவர் ஸ்டாஃப். முகாமிலிருந்து வியாழக்கிழமை தோறும் வந்த பயிற்றுநர். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார், நம்மை நங்கி, தங்கச்சி, என்பார். அவர் "சீருவென்!", நேராக நில், என்று கத்தினால், மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்வார்கள் என்று நாம் சொல்லிச் சிரித்தோம்.

மூன்றாவது, லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் பக்கத்துக் காம்பராக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைச் சுவர். நான் இந்தப் பக்கம் தும்மினால் அவள் அந்தப் பக்கம் திட்டுவாள்.

நான் மார்க்கர். முன்வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவளுக்கு அந்தப் பெயர். அவளைப் பார்த்துத்தான் மற்ற எல்லோரும் நேர் எடுப்பார்கள். அவள் கோணினால் அணியே கோணும். அந்த இடத்துக்கு என்னைத் தெரிவுசெய்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் காட்டவில்லை. இரவில் போர்வைக்குள் கால்களை நேராக வைத்துக்கொண்டு படுத்தேன்.

மைதானம் உங்களுக்குத் தெரியும். மேல் பக்கம் வகுப்பறைக் கட்டடம், கீழ்ப் பக்கம் கான், கானுக்கு அப்பால் தேயிலை. ஒரு முனையில் வாசல் படலை, மறு முனையில் சமையல் கொட்டில். நாம் எப்போதும் படலையிலிருந்து கொட்டில் வரை அணிநடையாகப் போவோம். திரும்பி வரும்போது வரிசை கலைந்து, கதை பேசிக்கொண்டு, சும்மா நடந்து வருவோம். ஏழு வாரமும் அப்படித்தான்.

முதல் இரண்டு வாரம் அணி இடது பக்கம், கான் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. "வலதுக்குப் பிடியுங்கோ! வலதுக்கு!" என்று மிஸ் கூடவே ஓடிவருவார். மூன்றாவது வாரம் நேராகிவிட்டது. ஐந்தாவது வாரம் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நூல் பிடித்த மாதிரிப் போனோம். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாமார் மேல் ரோட்டில் வெறுங் கூடையோடு நின்று பார்ப்பார்கள்.

"ஏய், அந்த ஓரத்துல வர்றது மேசன் மக தானே? என்னா மொறப்பு!"

"வீட்டுல ஒரு தேங்கா துருவச் சொன்னா இப்புடி நிமிந்து நிப்பாளா கேளு."

எங்கள் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தார்.

பதுளைச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நகரத்தின் பெரிய மைதானம். பச்சை, அகலம், ஒரு மேடு பள்ளம் இல்லை. வலது பக்கம் துணி விரித்த மேசை, அதன் பின்னால் மூன்று அதிகாரிகள், ஒரு பிளாஸ்க். கட்டளை வந்ததும் நடந்தோம். பத்தாவது அடியில் மேசை கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்தது. இருபதாவது அடியில் மேசைத் துணியின் பூவேலை தெரிந்தது. நான் நேராகத்தான் போகிறேன் என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. முப்பத்திரண்டாவது அடியில் என் இடுப்பு மேசை விளிம்பில் பட்டது. ஒரு அதிகாரி பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழும்பினார். கோப்பைகளை யாரும் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மிஸ் என் பக்கத்தில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மலையில ஏறி இறங்கிப் பழகின காலுகள். உங்கட நடையே கோணல். நான்தான் விளங்காமல் உன்னை முன்னுக்கு விட்டிட்டன்."

கோணல் என்றது என் காலை மட்டுமல்ல, மேல் ரோட்டில் கூடையோடு நின்றவர்களின் காலையும்தான். அது எனக்கு அப்போதே விளங்கியது. மிஸ்ஸுக்கு விளங்கியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அவருக்கு அன்றைக்கு ஒரு வருட நடை வீணாய்ப் போன கவலை.

திங்கட்கிழமை பக்கத்துக் காம்பராக்காரியை மார்க்கர் ஆக்கினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கொண்டு என் இடத்தை நிரப்பினார். முகாமுக்கு அனுப்ப வைத்திருந்த பட்டியலில் என் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். பட்டியல் வெள்ளிக்கிழமை போகவேண்டும். என்னிடம் இருந்தது நான்கு நாள்.

புது மார்க்கரோடு நீங்கள் நடந்தீர்கள். சுண்ணாம்புக் கோட்டின் மேல், நூல் பிடித்த மாதிரி! மிஸ் கைதட்டினார். "பாத்தியளா? ஆளை மாத்தினதும் சரி." உங்களுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பழி என்னுடையதுதான் என்று அந்த ஒரு நடையில் முடிவாகிவிட்டது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் வரிசையில் நின்றிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

என் வேலை தண்ணீர்க் கலன்களைப் பார்த்துக்கொள்வது. கான் ஓரத்தில் குந்தியிருந்து கொப்பியில் எழுதினேன்: பூட்ஸ் பெரிது. தலையைத் திருப்பினேனா? காற்று? மேசையைப் பார்த்துப் பயந்தேனா? ஒவ்வொன்றாக வெட்டினேன். பூட்ஸ் ஏழு வாரமும் பெரிதுதான். காற்று இல்லை. பயம் மேசையில் முட்டிய பிறகுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மழை. நீங்கள் எல்லோரும் கட்டடத்துக்குள் ஓடினீர்கள். நான் கொட்டில் தாழ்வாரத்தில் தனியாக நின்றேன். தொழிற்சாலைப் பக்கமிருந்து தேயிலை வாடை வந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடு கரைந்தது. கரைந்த வெள்ளை, சின்னச் சின்ன வாய்க்காலாக, எல்லாம் ஒரே பக்கம் ஓடியது. கான் பக்கம். ஒன்றுகூடக் கட்டடப் பக்கம் போகவில்லை. வருடக்கணக்காகப் பார்த்த மழைதான். அன்றைக்குத்தான் அது எங்கே போகிறது என்று கவனித்தேன்.

அப்பா தோட்டத்து மேசன். இரவுச் சாப்பாட்டில் கேட்டேன்.

"அப்பா, ஸ்கூல் கிரவுண்டு மட்டமா?"

"பின்ன? டோசர் விட்டு வெட்டுனது. மேசை மாதிரி இருக்கு."

"டியூப் வச்சுப் பாத்தீங்களா?"

"கிரவுண்டுக்கு எவன்டி டியூப் வைப்பான்? கண்ணு எதுக்கு இருக்கு?"

நம் ஊரில் கண் எப்படிப் பழகியது என்பதை யோசித்துப் பாருங்கள். லயத்து வாசலில் நின்றால் எதிரே மலை, கீழே பள்ளம், ரோடு படிக்கட்டு மாதிரி. அவ்வளவு செங்குத்துக்கு நடுவில், கொஞ்சமாகச் சாய்ந்த எதுவும் நமக்குச் சாய்ந்ததாகவே தெரியாது. நாற்பது வருடம் சுவர் கட்டிய அப்பாவுக்கும் தெரியவில்லை.

அப்பாவின் தண்ணி டியூப்பை எடுத்துக்கொண்டேன். கண்ணாடி மாதிரி நீளக் குழாய். உள்ளே தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதிலிருந்து நிலம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு முனையிலும் கம்பால் அளந்தால், எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரிந்துவிடும். லீவு நாட்களில் அப்பாவுக்கு மறு முனையைப் பிடிப்பது நான்தான். ஆனால் இதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் தனியாக நின்றேன். பக்கத்துக் காம்பராக்காரி படலைக்குப் போய், நின்று, திரும்பி வந்தாள். நான்கு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு:

"என்னாடி அது, பாம்பு மாதிரி?"

சொன்னேன். அவள் கட்டடத்திலிருந்து கான் வரை பார்த்தாள்.

"நீ சொல்றது சரின்னா, நான் ஒண்ணும் நல்லா நடக்கல. கிரவுண்டு தான் என்னைய நேரா காட்டுது. அப்புடித்தானே?"

"ஆமா."

"அப்ப எனக்கு எடம் போயிரும்."

"போகும்."

"போடி இவளே. கொஞ்சமாவது பொய் சொல்றாளா பாரு." பையைக் கானோரமாக எறிந்தாள். "தா அந்த முனைய. எத்தன தரம் புடிக்கணும்?"

மூன்று தரம். குழாய் மைதானத்தின் அகலத்துக்குப் போதாது. அளந்து, குச்சி குத்தி, நகர்ந்து, மறுபடியும் அளந்தோம். மூன்று அளவையும் கூட்டினேன். கட்டடப் பக்கத்தைவிடக் கான் பக்கம் என் முட்டிக்கு மேல் நாலு விரல் பள்ளம். அவள் தன் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, இவ்வளவா" என்றாள். பிறகு, "திங்கக்கெழமைலயிருந்து நானும் வலது பக்கமா அமுக்கிக்கிட்டுத்தான் நடக்குறேன். சொல்லப் பயமா இருந்திச்சு" என்றாள்.

வியாழக்கிழமை கொப்பியோடு மிஸ்ஸிடம் போனேன். ஸ்டாஃபும் பக்கத்தில் நின்றார்.

"மிஸ், கிரவுண்டு சரிவா இருக்கு. இடது பக்கம் இழுக்குதுன்னு நாங்க வலது பக்கமா அமுக்கி நடந்து பழகிட்டோம். பதுளையில சரிவு இல்ல. அதனாலதான் வலது பக்கம் போயிட்டோம்."

"கிரவுண்ட் சரிவோ? கண்ணைத் திறந்து பார். பந்து வச்சாலும் உருளாது."

"புல்லு இருக்கு மிஸ். அதான் உருளாது. டியூப் வச்சு அளந்தோம்."

"மேசன் டியூப்பைக் கொண்டுவந்து எனக்குப் படிப்பிக்கிறியோ? செய்த பிழையை ஒத்துக்கொள்ளத் தெரியவேணும் பிள்ளை."

இருந்தாலும் எழுதி வைத்திருந்த கடைசி வரியைச் சொன்னேன். "ஒரே ஒரு தரம், கொட்டில் பக்கமிருந்து படலைப் பக்கமா நடக்கச் சொல்லிப் பாருங்க மிஸ். புது மார்க்கரே நிக்கட்டும். நான் சொல்றது சரின்னா அணி கானுக்குப் போகும்."

மிஸ் வாயைத் திறந்தார். ஸ்டாஃப் முந்திக்கொண்டார். "மிஸ், நங்கி சொல்றது பாக்கலாம். ஒரு நிமிஷம் தானே."

இனி நடந்தது உங்கள் கால்களுக்கே தெரியும். கொட்டிலிலிருந்து நடந்தீர்கள். சரிவு இப்போது உங்கள் வலது பக்கம். பழக்கமும் வலது பக்கம் அமுக்கியது, நிலமும் வலது பக்கம் இழுத்தது. மைதானத்தின் பாதியைத் தாண்டியபோதே முழு அணியும் ஒரு பெரிய கதவு திறக்கிற மாதிரிக் கானைப் பார்த்துத் திரும்பிவிட்டது. "நவதின்!" என்று ஸ்டாஃப் கத்தினார். நிற்கச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மார்க்கருக்கு மட்டும் நிற்க இடம் இருக்கவில்லை. ஒரு கால் கானுக்குள், ஒரு கால் வெளியே, தொப்பி தேயிலைச் செடியில். அப்படி நின்றுகொண்டும் அவள் கழுத்தைத் திருப்பாமல் கத்தினாள்:

"மிஸ், நான் நேராத்தான் வந்தேன்!"

மேல் ரோட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஸ்டாஃப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆறு நாளாக நெஞ்சுக்குள் இருந்த கல் எப்போது இறங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் தொப்பியை எடுக்கப் போனபோது, மூச்சு முழுதாக உள்ளே போய் வருவதைக் கவனித்தேன்.

மிஸ் கானை ஒரு தரம், கட்டடத்தை ஒரு தரம் பார்த்தார். நடந்துபோய்க் கட்டடப் படியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது. நீளத் தாள் ஒன்றை மடியில் வைத்து, என்னைக் கூப்பிட்டார்.

"புதுசா எழுதவேணும். பெயர் சொல்லு."

"அகரவரிசையிலயா மிஸ்?"

"வரிசையில நிக்கிற மாதிரி. வலப் பக்கத்திலயிருந்து."

என் பெயரை நானே சொன்னேன். மிஸ் எழுதினார். முப்பத்தொரு பெயரையும் அவர் கையாலேயே எழுதினார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. கடைசிப் பெயரை எழுதி முடித்து, பேனையை மூடிவிட்டு, "நாளைக்கு வேற இடம் பாக்கவேணும். இந்த ஊரில சமமான நிலம் எங்க கிடக்கு?" என்று என்னைக் கேட்டார். ஒரு ஆசிரியை என்னிடம் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது.

ஸ்டேசன் என்று பதில் சொன்னது பக்கத்துக் காம்பராக்காரி. ரயில் நிற்கிற இடம் சரிவாக இருக்க முடியாதே. சரக்கு இறக்கும் முற்றத்தில், ரயில் வருவதற்கு முன்னும் போன பின்னும் ஒன்பது நாள் காலையில் நடந்தோம். இரண்டு திசையிலும். முதல் நாள் தண்டவாளப் பக்கம் சரிந்தோம். நான்காம் நாள் குறைந்தது. எல்லவிலிருந்து வரும் ரயிலில் சுற்றுலாக்காரர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு நம்மைப் படம் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கையசைத்ததற்கு மூன்றாம் வரிசையில் யாரோ பதிலுக்குக் கையசைத்து, மிஸ்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது யார் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

தியத்தலாவையில் நான் வலது ஓரத்தில் நின்றேன். நேராகப் போனோம். மூன்றாம் இடம். கோப்பை இல்லை, சான்றிதழ் மட்டும். திரும்பி வரும் ரயிலில் மிஸ் தூங்கிவிட்டார். நாம் எல்லோரும் சத்தமில்லாமல் பேசினோம்.

ஆகவே, கேட்டவளுக்குப் பதில்: என் பிழை இல்லை, உங்கள் பிழையும் இல்லை. மிஸ்ஸின் பிழை ஆறு நாள் நீடித்தது, பிறகு அவரே அதைத் திருத்தினார். அவர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், சுகமாக இருக்கிறார். பக்கத்துக் காம்பராக்காரி இப்போது அதே பாடசாலையில் கடேற் பொறுப்பாசிரியை. போன மாதம் புதுக் கட்டட வேலைக்காக என் நில அளவைக் கருவியோடு அங்கே போய் மைதானத்தையும் மட்டம் எடுத்தேன். குறுக்காக ஐம்பத்தொரு சென்டிமீட்டர் பள்ளம். நிரப்பும் வேலை இன்னும் தொடங்கவில்லை. இந்த வருட அணியில் முப்பத்து நான்கு பிள்ளைகள். நம்மில் இரண்டு பேருடைய மகள்மாரும் அதில் இருக்கிறார்கள். முகாமுக்கான பட்டியல் நேற்றுப் போய்விட்டது. யாருடைய பெயரும் வெட்டப்படவில்லை.